மும்பைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு: மாட்டுங்கா முதல் டோம்பிவிலி வரை

பெரியப்பா: நேற்று கார்த்தி இங்கே வந்திருந்தான். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு பீன்ஸ் வாங்கக் கூட்டிப்போனேன். கிலோ 160. நமக்கு வேண்டியது முக்கால் கிலோ. பையன் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்து, முக்காலுக்கு எதை அழுத்துவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிறான். காய்கறிக்காரர் 120 என்று சொல்லிப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குக் கத்தரிக்காய் நிறுக்க ஆரம்பித்துவிட்டார். இவன் இன்னும் போனைத்தான் பார்க்கிறான். பதினோராம் வகுப்பு, சயின்ஸ்!

அத்தை: அண்ணே, இதை எனக்கு போன் போட்டுச் சொன்னால் போதாதா? குழுவில் போட வேண்டுமா?

பெரியப்பா: அவனை மட்டும் சொல்லவில்லை அம்மா. தாராவியில் முனிசிபல் பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லும் பிள்ளைகள். போன் வந்த பிறகு எல்லாம் அதற்குள் போய்விட்டது, தலை காலி.

சித்தப்பா: அண்ணன் சொல்வதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. 2011இல் சயின்ஸ் இதழில் வந்தது, பெட்சி ஸ்பாரோ குழுவினர் செய்தது. ஆட்களை உட்காரவைத்து 40 பொது அறிவுத் தகவல்களை கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் ‘இது சேமிக்கப்படும்’ என்றார்கள், மீதிப் பேரிடம் ‘அழிந்துவிடும்’ என்றார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மூளை மெனக்கெடுவதில்லை.

மீனா: சித்தப்பா, அதே கட்டுரையில் இருந்த இன்னொரு சோதனையை வேறு ஆராய்ச்சியாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். அந்த முடிவு அவர்களுக்கு வரவில்லை. 2018இல் வெளியானது. மொத்தமும் பொய் என்று சொல்லவில்லை. இதை மட்டும் வைத்துத் தலை காலி என்று தீர்ப்பு எழுத முடியாது.

சித்தப்பா: பி.எட். படிக்கும் பெண்ணிடம் வாய் கொடுத்திருக்கக் கூடாது 🙏

அத்தை: என் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்பது போலப் பேசாதீர்கள். போன மாதம் வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவே இல்லை. மெக்கானிக் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். இவன் யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தான். கீழே ஒரு சின்ன மூடி இருக்குமாம், எனக்கு இத்தனை நாள் அது தெரியவே தெரியாது. அதைத் திறந்து தட்டில் தண்ணீரைப் பிடித்து, உள்ளேயிருந்து ஒரு ஹேர்பின்னும் இரண்டு ஐந்து ரூபாய் நாணயமும் எடுத்தான். அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது. நம் தலைமுறையில் யாராவது செய்திருப்பார்களா?

சித்தி: மதினி சொல்வது சரி. எங்கள் வீட்டுக்காரர் பல்பு மாற்றவே ஆள் கூப்பிடுவார்.

சித்தப்பா: 😐

மீனா: பெரியப்பா, ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. தாத்தாவுக்கு எண்சுவடி, அந்தப் பழைய வாய்ப்பாட்டுப் புத்தகம், முழுக்க மனப்பாடம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? முந்திரி 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. அதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?

பெரியப்பா: அரைக்கால், மாகாணி வரை வரும். அதற்குக் கீழே தடுமாறும். அது வேறு கதை மீனா. 1957இல் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா போய் 100 காசு ஆனது. அடுத்த சில வருஷத்தில் சேரும் வீசையும் போய்க் கிலோ வந்தது. அளவே போன பிறகு அந்த வாய்ப்பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பீன்ஸ் அப்படியா? முக்கால் கிலோ இன்றைக்கும் முக்கால் கிலோதானே?

மீனா: சரி, இது நல்ல பதில்.

கார்த்தி: மாமா மாங்கனி என்றால் என்ன

சித்தி: மாம்பழம்டா கண்ணா.

அத்தை: இப்போது ஏது மாம்பழம், சீசன் எப்போதோ முடிந்துவிட்டது.

கார்த்தி: அது இல்லை மீனா அக்கா சொன்னது 16இல் ஒன்று

சித்தப்பா: அது மாகாணி. நீ மாங்கனி என்று எழுதியிருக்கிறாய்.

கார்த்தி: நான் சரியாகத்தான் சொன்னேன் போன் அப்படியா எழுதியிருக்கிறது

பெரியப்பா: அனுப்புவதற்கு முன்னால் வாசித்துப் பார்ப்பதில்லையா?

அத்தை: அண்ணே, அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது.

பெரியப்பா: என்ன? இத்தனை நாளாகக் குழுவில் பதில் போட்டுக்கொண்டிருக்கிறானே!

கார்த்தி: மெசேஜை போன் சத்தமாகப் படித்துக் காட்டும் மாமா நான் பேசினால் அதுவே எழுதிவிடும் ஸ்கூலில் இங்கிலீஷ் ஹிந்தி மராத்தி மட்டும்தான் வீட்டில் பேசுவதால் தமிழ் புரியும் எழுத்துதான் தெரியாது இந்த வசதி இல்லாவிட்டால் குழுவை எப்போதோ மியூட் செய்திருப்பேன்

சித்தி: பாவம், புள்ளிகூட இல்லாமல் ஒரே மூச்சில் பேசுகிறான்.

சித்தப்பா: தமிழ் வாத்தியார் குடும்பம்!

மீனா: பெரியப்பா, இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. போன் இல்லையென்றால் கார்த்தி இந்தப் பேச்சிலேயே இருக்க மாட்டான், அது நிஜமான லாபம். ஆனால் போன் மாங்கனி என்று எழுதியது அவன் கண்ணில் படவே இல்லை பாருங்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. காய்கறிக்காரர் நல்லவர், 120 என்றார். 140 என்று சொல்லியிருந்தாலும் கொடுத்துவிட்டு வந்திருப்பான். தேடினால் பதில் கிடைக்கும், தப்பான பதிலைத் தப்பு என்று கண்டுபிடிக்க நம்மிடம் கொஞ்சம் சரக்கு இருக்க வேண்டும்.

மீனா: அதற்காக எல்லாவற்றுக்கும் போன்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் படிப்பு எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் பிரதம் தொண்டு அமைப்பின் அசர் அறிக்கையை எங்களுக்கு வகுப்பில் பாடமாகவே வைத்தார்கள். கிராமங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் போய்ப் பார்த்தார்கள். மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க முடிந்தவர்கள் 2017இல் 39.5 சதவீதம், 2023இல் 43.3 சதவீதம். நடுவில் வீட்டுக்கு வீடு ஸ்மார்ட்போன் நுழைந்துவிட்டது. போன்தான் மூளையைத் தின்கிறது என்றால் எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டுமே? கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

சித்தப்பா: போனாவது நன்றாகத் தெரியுமா?

மீனா: அதையும் பார்த்தார்கள். வீடியோ தேடுவதெல்லாம் சுலபமாக வருகிறது. கூகுள் மேப்ஸில் ஓர் இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று பார்க்கச் சொன்னால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் முடிந்தது. சொந்தமாக போன் வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் பையன்களில் பாதி அளவுகூட இல்லை. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் அனுப்புவதில்லை.

பெரியப்பா: என் காலத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வகுத்தல் வந்ததா என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்பது புரிகிறது. வராத பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். தோல் பட்டறைக்கோ இட்லி வியாபாரத்துக்கோ போய்விடும். பத்தாவது வரை வந்ததுகளைத்தான் நாங்கள் ‘அந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்கிறோம்.

சித்தி: இதை யோசித்ததே இல்லை அத்தான்.

பெரியப்பா: இட்லி வியாபாரத்துக்குப் போனவனுக்குக் கணக்கு என்னைவிட வேகமாக வரும், அது தனிக் கதை. கையில் காசு புழங்கினால் தானாக வந்துவிடும். இப்போது எல்லாரும் க்யூஆரைக் காட்டிவிட்டுப் போகிறார்கள், சில்லறை எண்ணும் பழக்கமே போய்விட்டது. போன் மேல் எனக்கு இருக்கும் புகார் அதுதான், விடமாட்டேன்.

சித்தப்பா: அது கிடக்கட்டும். போனே வாசித்துக் காட்டும்போது கார்த்தி எதற்கு அ, ஆ எழுதிப் பழக வேண்டும்? கேட்டால் போதாதா?

பெரியப்பா: மாங்கனிக்காக.

அத்தை: 😂😂

பெரியப்பா: கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா வந்துவிடு. 

கார்த்தி: மொத்தம் எத்தனை எழுத்து மாமா

பெரியப்பா: 247.

கார்த்தி: 😳

மீனா: பயப்படாதே. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம். இந்த 31ஐ ஒழுங்காகப் பிடித்துக்கொள். மற்றதெல்லாம் அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்ப்பதுதான். எத்தனை வருகிறது, சொல்லு பார்ப்போம்.

கார்த்தி: 216

பெரியப்பா: சபாஷ்.

அத்தை: ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தும் மெகா பிளாக் இருக்குமே. ஸ்டேஷனில் போய் மாட்டிக்கொள்ளப் போகிறான்.

கார்த்தி: எம் இண்டிகேட்டர் ரயில் ஆப்பில் பார்த்துவிட்டேன் அம்மா மாட்டுங்கா முலுண்ட் நடுவில் ஃபாஸ்ட் லைனில்தான் பிளாக் ஸ்லோ வண்டி ஓடும் கொஞ்சம் லேட் ஆகும்

சித்தி: அத்தான், எங்கள் வீட்டு இரண்டையும் செம்பூரிலிருந்து அனுப்பட்டுமா? அதுகளுக்கும் வாசிக்க வராது. இதுவரை சொல்லாமல் இருந்தோம்.

சித்தப்பா: இந்தச் செய்தியை நீக்கிவிடு.

பெரியப்பா: வாசித்துவிட்டேன். அனுப்பி வை. மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும்.