தெப்பக்குளத்தில் விழுந்த போன்: படங்களை மீட்க யாரிடம் போகலாம்?

மதுரை சொந்தங்களுக்கு வணக்கம். போன ஞாயிறு சாயங்காலம் குடும்பத்தோடு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போனோம். நாங்கள் கிரிக்கெட் ஆடிய காய்ந்த குளம். இப்போது வைகைத் தண்ணீர் நிறைந்து படகு ஓடுகிறது. அம்மா முதன்முறையாகப் படகேறி மைய மண்டபத்தைச் சுற்றி வந்தார். இறங்கும்போது என் சட்டைப்பையிலிருந்து போன் நழுவி தண்ணீருக்குள். மேல்படியிலேயே கிடந்ததால் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டேன்.

சாம்சங் கேலக்ஸி ஏ14, வாங்கி இரண்டு வருடம். அன்றிரவு வரை திரை மினுக்கியது, அப்புறம் இருட்டு. சார்ஜர் செருகினால் ஒரு அதிர்வு மட்டும் வருகிறது. கேமரா கண்ணாடிக்குள் நீர்த்துளி இன்னும் நிற்கிறது.

எல்லோரும் சொன்னார்களே என்று இரண்டு நாள் அரிசிக்குள் புதைத்தேன். சார்ஜ் துளையில் குருணை மாட்டியதுதான் மிச்சம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வேறு திரை போட்டுப் பார்த்தார்கள், பலனில்லை. இன்னொருவர் திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்றார்; போனுக்குள் இருக்கும் மெயின் சர்க்யூட்டைத்தான் சொல்கிறார். கூகுளின் இலவச 15 ஜிபி இடம் நிரம்பி பேக்கப் எப்போதோ நின்றுவிட்டது. மெமரியைத் தனியே கழற்றினாலும் என்கிரிப்ஷனால், அதாவது தகவல் அந்தப் போர்டோடு சேர்த்துப் பூட்டப்பட்டிருப்பதால், படிக்க முடியாது; போர்டுக்கே உயிர் வர வேண்டும். போன் போகட்டும், அம்மா படகில் சிரிக்கும் படங்கள் வேண்டும்.

மதுரைக்குள் போர்டு வேலை நிஜமாகத் தெரிந்த, நீங்களே கொடுத்துச் சரியாகி வந்த கடை எது?