ஏரி வேலைன்னாலே இப்ப வெறுப்பா வருது, யாருக்காச்சும் இப்படி ஆகியிருக்கா?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம்ங்க. ஆறு வருசமா எங்க பகுதி ஏரிக்காக ஓடிட்டு இருக்கேன், ஞாயித்துக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்குறது, திங்கக்கிழமை மனு, நடுவுல ஆர்டிஐ, ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல சண்டை. சேலம் மூக்கனேரிய 2010ல ஊர்க்காரங்க சேந்து மீட்டு உள்ள திட்டு திட்டா மண்ணக் குவிச்சு மரம் வச்சாங்கல்ல, அதப் பாத்துதான் நானும் இறங்குனேன். போன வாரம் காலேஜ் பையன் ஒருத்தன் கையுறை எடுத்துட்டு வர மறந்துட்டான், எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். அவன் கைய பேண்ட்ல தொடச்சுக்கிட்டே நின்னான், அது கண்ணுலயே நிக்குது. தூக்கம் இல்ல. குரூப் டோன் கேட்டாலே வயித்தப் பிசையுது. விட்டுட்டா துரோகம் பண்ற மாதிரியும் இருக்கு. என்னங்க பண்றது?

குப்பனூரக்கா:
தம்பி, மொதல்ல அந்தப் பையனுக்கு ஒரு போன் போடு, மிச்சத்த அப்புறம் பேசலாம்.
2018ல சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் எடுக்க கல்லு நட வந்தப்ப நாங்க ராப்பகலா தூங்கல. 2019 ஏப்ரல்ல ஹைகோர்ட் நிலம் எடுத்தது செல்லாதுன்னுச்சு, வெடி வெடிச்சோம். அடுத்த வருசம் டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதுல பெரும்பகுதிய மாத்திருச்சு. அன்னிக்குப் படுத்தவ மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட எந்திரிக்கல. பக்கத்து வீட்டு பெரியம்மா வந்து, "அந்த ஃபைல எங்கிட்ட குடு கண்ணு, ரெண்டு மாசம் நான் வச்சிருக்கேன்"னு வாங்கிட்டுப் போயிருச்சு. அதுக்குப் படிக்கவே தெரியாது! ஆனா ஃபைல் வீட்ல இல்லைன்னதும் அன்னிக்கு ராத்திரிதான் தூங்குனேன்.

நர்ஸ்_சேலம்:
இது சோம்பேறித்தனமும் இல்ல துரோகமும் இல்லைங்க. 1974லயே ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு உளவியல் நிபுணர் 'பர்ன்அவுட்' பத்தி, அதாவது வேலை செஞ்சு செஞ்சே மனசும் உடம்பும் ஓஞ்சு போறதப் பத்தி எழுதுனாரு, அவரு பாத்தது கம்பெனி ஆளுங்கள இல்ல, நியூயார்க்ல இலவச கிளினிக்ல சம்பளம் இல்லாம வேலை செஞ்சவங்கள. மனசார இறங்குறவங்கதான் முதல்ல கருகுறாங்க. சோர்வு, எரிச்சல், வேலை மேலயே வெறுப்பு, மூணும் உங்க பதிவுலயே இருக்கு. தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டுப்போனா டாக்டரப் பாருங்க, 14416 டெலி மானஸுக்கு (அரசாங்கத்தோட மனநல உதவி எண்) கூப்பிட்டா காசில்லாம தமிழ்லயே பேசலாம்.

தட்டுவடைசெட்:
"ரெண்டு நாள் ஏற்காடு போயிட்டு வா"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுலயும் ரோட்டோரம் கெடந்த தண்ணி பாட்டில எண்ணிக்கிட்டே போய்ச் சேந்தேன், கூட வந்த வீட்டுக்காரம்மா இன்னும் திட்டுது 😄 எடம் மாறுனா பத்தாதுங்க, பாரம் கைமாறணும். நாங்க குரூப் அட்மின மூணு பேருக்குப் பிரிச்சு, மாசத்துக்கு ஒருத்தர்னு ஆக்கிட்டோம், ராத்திரி ஒம்போதுக்கு மேல மெசேஜ் கெடயாது. வேலை முடிஞ்சா எல்லாரும் தட்டுவடை செட் கடைக்கு, அங்க ஏரியப் பத்தி வாயத் தெறந்தவன்தான் அன்னிக்கு பில்லு கட்டணும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அக்கா, பையன்கிட்ட பேசிட்டேன். "அண்ணா இந்த ஞாயிறு நீங்க வராதீங்க, நாங்க பாத்துக்கறோம்"ங்கறான். சாக்கு, கையுறை எல்லாம் அவன் வண்டில ஏத்தி விட்டாச்சு. ஆர்டிஐ ஃபைல் மட்டும் இன்னும் எங்கிட்டதான் இருக்கு, குடுக்க மனசு வரலைங்க.