மறு: முந்துபூப்பா, முந்துபருவமா? (திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது)

அன்புடையீர்,

பிள்ளைகளுக்கு உரிய வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தொடங்குவதை (precocious puberty) நம் துண்டறிக்கையில் எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> வினைத்தொகையில் வலி மிகாது. ‘முந்துநூல்’ போல ‘முந்துபூப்பு’ என்றே எழுத வேண்டும்.

கருங்கல் அக்கா மேலே சொன்னபடி, ‘முந்துப்பூப்பு’ என்று நான் எழுதியதில் இருந்த ‘ப்’ என்ற ஒற்றை எடுத்துவிட்டேன். என் தகராறு ஒற்றோடு இல்லை, பூப்போடுதான். ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ என்று தொல்காப்பியர் குறித்தது உதிரப்போக்கை. மருத்துவர்கள் கவலைப்படுவதோ அதற்கும் முந்திய நிலைக்கு: பெண் குழந்தைக்கு 8 வயது நிறையும் முன்பே மார்பு அரும்புவது. இயல்பான வளர்ச்சியில் அதிலிருந்து இரண்டு, இரண்டரை ஆண்டு கழித்தே முதல் விலக்கு வரும்.

துண்டறிக்கையின் முதல் படியை ஒரு தாயிடம் கொடுத்தேன். பூப்பு என்ற சொல்லைக் கண்டதும் தாளை மடித்துத் திருப்பித் தந்தார். “என் பிள்ளை இன்னும் பெரியவள் ஆகவில்லையே, டீச்சர்.” அவள் இரண்டாம் வகுப்பு. பங்குனி வெயிலிலும் சட்டைக்குள் இரண்டு பெட்டிக்கோட் போட்டு வருகிறாள். புத்தகப்பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்தபடியே நடக்கிறாள். அந்தத் தாய்க்குப் புரியாத சொல் எவ்வளவு தூயதாக இருந்து என்ன? பருவம் முந்துவதால் எலும்பு சீக்கிரம் முதிர்ந்தால், இன்று வகுப்பிலேயே நெட்டையாக நிற்கும் பிள்ளை பிறகு வளராமல் நின்றுவிடக்கூடும். கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைப் பார்த்து, தேவையானால் ஊசி மருந்தால் பருவத்தைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. அதற்கு நேரத்தோடு போக வேண்டும்.

தக்கலை அண்ணன் சொன்ன ‘பேதைப்பூப்பு’: பேதை 5 முதல் 7 வயது, பெதும்பை 8 முதல் 11 என்று பெண்ணின் பருவங்களைப் பிரித்த பழங்கணக்கு மருத்துவ வரம்போடு பொருந்துவது எனக்கும் வியப்புத்தான். ஆனால் இன்று பேதை என்றால் அறிவிலி. ‘அகாலப்பூப்பு’ மரணத்தை நினைவூட்டுகிறது. ‘பிஞ்சுப்பழுப்பு’ வேண்டவே வேண்டாம். ஊர் ஏசும் வசவை ஒரு குழந்தையின் உடம்பின்மேல் நான் அச்சடிக்க மாட்டேன். பையன்களிலும் சிலருக்கு 9 வயதுக்குள்ளேயே இப்படிப் பருவம் முந்தி வரும். அவர்களுக்கு எந்தப் பூப்பும் பொருந்தாது.

நான் கேட்டது ‘முந்துதிரட்சி’. எங்கள் பாட்டிமார் ‘திரண்டுவிட்டாள்’ என்பார்கள். எல்லை தாண்டினால் மலையாளத்தில் பூப்பு நீராட்டுக்கு ‘திரண்டுகுளி’ என்று பெயர். அதுவும் ருதுவாவதுதானே என்று சென்னை நண்பர் மடக்கினார். உண்மை. ஆயினும் திரளுதல் ஒரு நாளில் முடிகிற காரியமா? மோரில் வெண்ணெய் போலச் சிறுகச் சிறுக நடப்பதல்லவா?

பெரும்பாலோர் ‘முந்துபருவம்’ என்கிறீர்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் குமரி மாவட்டத்தில் அது மழை முந்திவிட்ட செய்தியாகவே காதில் விழும். அச்சகத்துக்காகச் சம்மதிக்கிறேன்; மனம் ஒப்பவில்லை. தலைப்பு உங்களுடையது. அதன்கீழ் முதல் வரி இப்படி இருக்கும்:

“எட்டு வயதுக்குள் மார்பு அரும்பினால், வயதுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.”

இந்த வரியில் மட்டும் யாரும் கைவைக்க வேண்டாம்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து