மட்கு போட்டும் தக்காளி வெளிறுகிறது, பீன்ஸ் மட்டும் பச்சை: என்ன காரணம்?

பாத்திக்காரர்:
வணக்கம். நாலு பேர் குடும்பத்துக்குக் காய்கறி, கீரை. 400 சதுர மீட்டர், ரசாயனம் எதுவும் கிடையாது. பாத்தி 1.2 மீட்டர் அகலம், நடைபாதை 45 செ.மீ. சருகு, வைக்கோல், மரத்தூள் இவற்றை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, கொஞ்சம் சாணம் கரைத்து ஊற்றி மட்கு தயாரித்தேன். மூன்று மாதத்தில் கறுத்துவிட்டது. ஆனால் இடையில் ஒருமுறைகூடச் சூடேறவில்லை. அதை 5 செ.மீ. பரப்பி, 15 செ.மீ. ஆழம் கொத்திக் கலந்து, தக்காளி, கத்தரி, பீன்ஸ் நட்டு ஐந்து வாரம் ஆகிறது. தக்காளியும் கத்தரியும் அடியிலையிலிருந்து மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. பீன்ஸ் நன்றாக இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவா? இன்னும் கொஞ்சம் மட்கு போடலாமா?

கரிமண்:
அதே மட்கை இனி கொத்திக் கலக்காதீங்க. இரும்புச்சத்து குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளிறும், நரம்பு மட்டும் பச்சையா நிற்கும். அடியிலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பஞ்சம். பீன்ஸ் தனக்கு வேண்டியதை வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அது தப்பித்தது.

நடந்தது இதுதான். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 400 பங்குக்கு மேலும் கரிமம் (கார்பன்) இருக்கலாம். வைக்கோலில் 60 முதல் 100, சாணத்தில் சுமார் 20, கோழி எருவில் 10. குவியல் மொத்தமா 25–30க்கு வந்தால்தான் ஒழுங்கா மட்கும். பாதி மட்கியதை மண்ணுக்குள் புதைத்தால், மீதிக் கரிமத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் அதற்கான தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. கறுப்பா இருப்பதை மட்டும் பார்த்து மட்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இப்போதைக்கு: கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 7% தழைச்சத்து உண்டு. செடிக்கு 50 கிராம் பொடித்து, தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி மண்ணில் கலந்து மூடுங்க. தண்டை ஒட்டிப் போட்டால் அழுகும்போது வேர் வெந்துவிடும். மூடாமல் விட்டால் எலிக்கும் எறும்புக்கும் விருந்து. கூடவே ஒரு கிலோ பிண்ணாக்கை 10 லிட்டர் நீரில் நாலு நாள் ஊறவைத்து, வடித்த நீரைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து, வாரம் ஒருமுறை செடிக்கு ஒரு லிட்டர். மஞ்சளான பழைய இலை திரும்பப் பச்சையாகாது. புதுக் கொழுந்தின் நிறத்தைப் பாருங்க.

மூடாக்கு:
வைக்கோல் வெளியிலிருந்து வந்ததா? அமினோபைராலிட், குளோபிராலிட் மாதிரியான களைக்கொல்லிகள் வைக்கோலிலும், அதைத் தின்ற மாட்டின் சாணத்திலும் தங்கும். மட்கினாலும் முழுசாகப் போகாது. தக்காளிக் கொழுந்து சுருண்டு, முறுக்கிக்கொண்டு வரும்.

கரிமண்:
அப்படியிருந்தால் பீன்ஸ்தான் முதலில் கோணியிருக்கும். இங்கே அது இல்லை. ஆனால் அடுத்த வைக்கோலுக்குச் சோதனை அவசியம்: மட்கும் மண்ணும் சரிபாதி கலந்த மூன்று தொட்டி, வெறும் மண் மூன்று தொட்டி, எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை. மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

பாத்திக்காரர்:
பிண்ணாக்கு வைக்கிறேன். குவியல் சூடேறாமல் போனதற்கும் மரத்தூள்தான் காரணமா?

கரிமண்:
பாதிக் காரணம். மீதி, உயரம். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டர் இல்லாவிட்டால் உள்ளே உண்டாகும் சூடு நிற்காமல் வெளியேறிவிடும். மரத்தூளை விலக்கிவிடுங்க. கன அளவில் காய்ந்தது இரண்டு பங்கு, பச்சைத் தழையும் சாணமும் சேர்த்து ஒரு பங்கு, அடுக்கடுக்காக. கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வரவேண்டும். ஒழுகினால் காற்றுப் போகாமல் நாறும். சொட்டே வராவிட்டால் மட்காமல் அப்படியே கிடக்கும். மூன்று நாளில் நடுவில் 55–65 டிகிரி செல்சியஸ் ஏறணும். 65ஐத் தாண்டினாலோ 55க்குக் கீழே இறங்கப் பார்த்தாலோ, வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டுங்க. 55க்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து புரட்டல்: களைவிதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் ஆறு வாரமாவது ஆறப்போடணும்.

மூடாக்கு:
கணக்கையும் பாருங்க. பாத்திப் பரப்பு சுமார் 290 சதுர மீட்டர். ஒரு செ.மீ. கனத்துக்கு விரிக்கவே 3 கன மீட்டர் மட்கு வேண்டும், அதற்கு 6 கன மீட்டர் கழிவு. வீட்டுக் குவியலால் அது கட்டாது. அதனால் நான்கில் ஒரு பங்கு பாத்தியில் பசுந்தாள் உரப் பயிரான சணப்பு விதையுங்கள், 100 சதுர மீட்டருக்கு 400 கிராம். பூ எடுக்கத் தொடங்கும்போது செடியை மண்ணுக்குள் மடக்கிப் புதைத்து, மூன்று வாரம் விட்டு நடவு. பூ முற்றிவிட்டால் தண்டு நாராகி, மரத்தூள் கதைதான். அடுத்த பருவம் தக்காளியும் கத்தரியும் அங்கே, இப்போதைய பாத்திக்குப் பீன்ஸ், தட்டைப்பயறு.

ஒன்று மட்டும்: தக்காளியைப் பிடுங்கும்போது வேரையும் பாருங்கள். பயறு வேரில் உள்ள முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பு. தக்காளி வேரே வீங்கி, உதிராத முடிச்சாக இருந்தால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அந்தப் பாத்தியில் மட்டும் சணப்பை முதலில் போடுங்கள். வேர்முடிச்சு நூற்புழு அதில் பெருகாது.