மாயப் பொருளை யாருக்குக் கொடுத்தீர்கள், அப்புறம் மேசையில் என்ன நடந்தது?

பாளை டி.எம்:
பாளையங்கோட்டையில் ஞாயிறு மதியம் கூடி ஆடுகிறோம். டி அண்ட் டி (பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மேசையில் கதை ஆடுவது), ஐந்தாம் பதிப்பு, எல்லோரும் நாலாம் லெவல். கதையை நடத்துகிற டி.எம் நான். குகைப் புதையலுக்கு அட்டவணையில் உருட்டினேன், ஃப்ளேம் டங் என்கிற தீ வாள் விழுந்தது. இரண்டு கையால் பிடிக்கிற பெரிய வாள், அதனால் ஃபைட்டர் (சண்டை வீரர்) ஆடுகிறவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சண்டையில் வாள் தீப்பிடித்தது. வழக்கமான டேமேஜுக்கு மேலே 2டி6 தீ, அதாவது ஆறு பக்கப் பகடை இரண்டு உருட்டி வருகிற எண். எங்கள் ரோக்குக்கு (திருடி பாத்திரம் ஆடுகிற தங்கச்சி) அந்த லெவலில் ஸ்னீக் அட்டாக்கும், அதாவது பதுங்கி அடிக்கிற அடிக்குக் கூடுதலாக வருவதும், அதே 2டி6தான். அதற்கு அவள் ஒளிய வேண்டும், இல்லை பகைவன் பக்கத்தில் கூட்டாளி நிற்க வேண்டும். அதுவும் ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான். ஃபைட்டருக்கோ பட்ட அடிக்கெல்லாம் வருகிறது, ஐந்தாம் லெவலில் டர்னுக்கு இரண்டு அடி வேறு. இதையெல்லாம் அவள் வாய்விட்டே கணக்குப் போட்டாள். "அண்ணே, அப்போ நான் பூட்டுத் திறக்க மட்டுந்தானா?" என்று கேட்டாள். பகடைகளைப் பைக்குள் போட்டு நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். சண்டை பாதியில் நிற்கிறது.

அந்த முடிச்சுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உங்கள் மேசையில் இப்படி நடந்திருக்கிறதா?

ஆத்தங்கரை:
எங்களுக்கு வாள் இல்லை, கம்பளம். பறக்கும் கம்பளத்தை நான் பத்தமடைப் பட்டுப் பாயாக மாற்றிவிட்டேன். இருப்பதிலேயே சின்ன அளவு, 3 அடிக்கு 5 அடி. 200 பவுண்டு தாங்கும், அதாவது 90 கிலோ. கவசம் போட்ட ஒருத்தர் ஏறினாலே முடிந்தது. அதைப் போல இரண்டு மடங்கு ஏற்றலாம், ஆனால் வேகம் பாதியாகிவிடும்.

குறுக்குத்துறை மாதிரி ஆற்றுக்குள் ஒரு கோயில், வெள்ளம், கூரையில் ஊர்க்காரர்கள். பாய் வைத்திருந்த தம்பி ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தை வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தவன். எதிர்க்கரையில் அரக்கன் தப்பித்து ஓடுகிறான், மற்ற மூன்று பேரும் "துரத்துலே, துரத்து" என்று கத்துகிறார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கூரையில எத்தனை பேரு? வயசானவுக யாரு? எத்தனை கிலோ இருப்பாக?" என்று என்னிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தான். மீதி நேரம் முழுக்க ஆளேற்றுவதுதான் ஆட்டம். அரக்கன் போய்விட்டான். அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்பை பகடை:
பாளை அண்ணாச்சி, வாளைக் குறை சொல்லாதீர்கள். அட்டவணையில் விழுந்த பொருளுக்கு யாரும் சொந்தக்காரர் கிடையாது, அதனால்தான் மேசையில் பங்குச் சண்டை வருகிறது.

ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் ஆட்டத்துக்கு ஒரு பறம்பு (தாழிகள் புதைத்த மேடு) எழுதினேன். தாழிக்குள் நெற்றியில் கட்டுகிற பொற்பட்டம். அங்கே அகழாய்வு செய்த அலெக்சாண்டர் ரியா தோண்டி எடுத்தாரே, அந்த மாதிரி. அதைக் கட்டிக்கொண்டால் நாளுக்கு ஒரு தடவை செத்தவர்களிடம் கேள்வி கேட்கலாம். வரப்போகும் மர்மம் முழுவதையும் அந்தப் பட்டத்தை நம்பித்தான் கட்டியிருந்தேன்.

கிளெரிக் (பூசாரி பாத்திரம்) ஆடுகிற அக்கா எடுத்துக் கட்டினார். முதல் கேள்வியே "நீங்க யாரு?" தாழிக்குள் இருந்த கிழவி தன் பேரையும் பேத்தி பேரையும் சொன்னாள். அக்கா பட்டத்தை அவிழ்த்துத் திரும்ப உள்ளேயே வைத்து மூடிவிட்டார். "இது அந்த ஆச்சியோடதுல்லா, நமக்கு எதுக்கு?" என்றார். என் மர்மம் போச்சு. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கேம்பெயினில் (தொடர் ஆட்டத்தில்) ஒருவர்கூடக் கல்லறையில் கை வைக்கவில்லை. நான் விதி எதுவும் போடவில்லை.

தென்காசி மந்திரக்கோல்:
எங்கள் ஆளு இம்மூவபிள் ராடை (அசையாமல் நிற்கும் மாயத் தடி) அருவிக்குக் குறுக்கே நிறுத்தி, அதைப் பிடித்துக்கொண்டு தண்ணிக்குப் பின்னால் இருந்த குகைக்குள் நுழைந்தார். அவ்வளவுதான் என் கதை.

இப்போது பாளை நண்பருக்கு. டேமேஜைக் கூட்டும் பொருளைத் தொடக்க லெவலில் கொடுக்கவே வேண்டாம். அந்த ராடைப் பாருங்கள். பொத்தானை அமுக்கினால் அந்தரத்தில் நிற்கும், 8,000 பவுண்டு தாங்கும், நம் கணக்கில் 3,600 கிலோவுக்கு மேல். யாருடைய டேமேஜும் ஏறாது, ஆனால் எல்லோருக்கும் யோசனை ஓடும். அடுத்து, ஒருவருக்கு மூன்று பொருள்தான் அட்யூன் ஆகும், அதாவது ஆளோடு மாயத்தால் இணையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) வேண்டும். ஃப்ளேம் டங் அதில் ஒரு இடத்தைப் பிடிக்கும். அந்த இடத்துக்கு ஃபைட்டர் ஆசைப்படுகிற வேறு பொருளைக் காட்டுங்கள், எதை விடுவது என்று அவரே திண்டாடட்டும். மருந்துக் குப்பி கொடுங்கள், 2டி4+2 உயிர் ஏறும், குடித்தால் தீர்ந்தது. மாய அம்பு விடுகிற மேஜிக் மிசைல் மந்திரக்கோலில் ஏழு சார்ஜ்தான், அதுவும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே, யாருக்கு என்ன வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஆத்தங்கரை செய்ததும் எனக்குச் சம்மதமில்லை. நாலு பேர் மேசையில் ஒருத்தர் கையில் பாய் இருந்தால் மற்ற மூவரும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

ஆத்தங்கரை:
வேடிக்கை பார்க்கவில்லைவே. ஒருத்தன் கயிறு பிடித்தான், ஒருத்தன் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்தான், ஒருத்தி கரையில் நெருப்பு மூட்டினாள். பட்டியல் வாங்கியிருந்தால் அந்தப் பட்டியலில் பாய் இருந்திருக்காது.

பாளை டி.எம்:
தென்காசி அண்ணாச்சி, அட்யூன்மென்ட் கணக்கு எனக்குத் தெரியும். தங்கச்சி கேட்டது கணக்கைப் பற்றி இல்லை, இந்தக் கூட்டத்தில் தனக்கு என்ன இடம் என்று. அம்பை சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வாளுக்கு ஒரு பழைய சொந்தக்காரி இருக்கட்டும். அவள் ஒரு திருடி. வாளை எங்கிருந்து, யாரிடமிருந்து எடுத்தாள் என்ற கதை ரோக்குக்கு மட்டும் தெரியும்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு ஆட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.