எக்செல் ஷீட்டைத் திரையில் காட்டும்போது சாம்பல் கோடுகள் தெரியாமல் செய்வது எப்படி?

கேள்வி:
12 மாதக் கணக்கு, மாதத்துக்கு ஒரு ஷீட். புரொஜெக்டரில் போட்டுக் காட்ட வேண்டும். கட்டம் கட்டமாகத் தெரியும் கோடுகள் பிடிக்காமல் எல்லா செல்லுக்கும் வெள்ளை நிறம் அடித்துவிட்டேன், ஆனால் வேறு ஃபைலிலிருந்து எதையாவது காப்பி செய்து ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் கோடு மறுபடி எட்டிப் பார்க்கிறது. போதாததற்கு எங்கு பார்த்தாலும் 0, 0, 0. வேறு வழி உண்டா?

பதில் 1:
வெள்ளையடிப்பது வீட்டுக்குச் சரி, எக்செலுக்கு வேண்டாம். வியூ டேபில் ஷோ என்ற பகுதியில் கிரிட்லைன்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். பக்கத்திலேயே ஹெடிங்ஸ் இருக்கும், அதை எடுத்தால் மேலே ஏ, பி, சி எழுத்துகளும் ஓரத்து வரிசை எண்களும் போய்விடும். ஆனால் முதலில் அடித்த வெள்ளையை நீக்குங்கள்: இடது மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தை அழுத்தி, நோ ஃபில். ஹெடிங்ஸை மறைத்த பிறகு அந்த முக்கோணமும் சேர்ந்தே மறைந்துவிடும், அதனால்தான் இந்த வரிசை. தலைப்புக்குப் போட்ட நிறமும் போகும், திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது ஷீட்டுக்கு ஷீட் தனி. 12 தடவை செய்யாமல், கீழே ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து செலக்ட் ஆல் ஷீட்ஸ் கொடுத்துவிட்டு ஒரே தடவையில் முடிக்கலாம்.

பதில் 2:
பூஜ்யத்துக்கு: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் அந்த ஷீட்டுக்கான டிஸ்ப்ளே பகுதியில் பூஜ்யம் காட்டும் டிக்கை எடுக்கலாம். எனக்கு அது பிடிக்காது. அந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை என்பதும் ஒரு தகவல்தானே, வெற்றிடமாக விட்டால் எழுத மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். நான் கஸ்டம் ஃபார்மேட்டில் (எண் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று நாமே எழுதித் தருவது) 0.00;-0.00;"-";@ என்று கொடுப்பேன், பூஜ்யம் வரும் இடத்தில் சின்னக் கோடு மட்டும் நிற்கும். வெறும் 0;-0 என்று போட்டுவிடாதீர்கள், 12.60 திரையில் 13 ஆகத் தெரியும், உள்ளே 12.60 தான் இருக்கும், அப்புறம் கூட்டுத்தொகை ஏன் இடிக்கிறது என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்.

காட்டும் நேரத்தில் கன்ட்ரோலும் எஃப்1-உம் சேர்த்து அழுத்தினால் மேலே உள்ள ரிப்பனும் சுருங்கிக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
கோடு போச்சு, நன்றி! ஆனால் முதல் ஷீட்டில் ஏப்ரல் என்று தலைப்பு அடித்தேன், இப்போது 12 ஷீட்டும் ஏப்ரல்.

பதில் 1:
ஐயோ, சொல்ல மறந்துவிட்டேன். எல்லா ஷீட்டும் இன்னும் ஒன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன, மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் குரூப் என்று காட்டும் பாருங்கள். முதலில் அன்டூ, அப்புறம் ஷீட் பெயரில் ரைட் கிளிக் செய்து அன்குரூப். அதுவரை எதையும் தட்டாதீர்கள்.