சமாதானம் வரவில்லை என்றால் கர்த்தர் வேண்டாம் என்கிறாரா?

சண்டேஸ்கூல்_அக்கா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். 11 வருடமாகச் சபையில் சின்னப் பிள்ளைகள் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் போதகர் ஐயா, புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். ஜெபித்துச் சொல்கிறேன் என்றேன். 21 நாள் ஜெபித்தாயிற்று. வாக்குத்தத்த அட்டை (வேத வசனம் அச்சிட்ட சீட்டு) எடுத்தேன், ‘பயப்படாதே’ என்று வந்தது. மறுபடி எடுத்தேன் (தப்புதான்), ‘காத்திரு’ என்று வந்தது. ஒரு நாள், "ஆறு மணிக்குள் யாராவது போன் பண்ணினால் போகிறேன் ஆண்டவரே" என்றுகூடக் கேட்டுவிட்டேன். 5.50க்குப் போன் வந்தது. லோன் வேண்டுமா மேடம் என்றார்கள். இது கணக்கில் வருமா?

உண்மையைச் சொன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்தாலே பினாயில் வாசனைக்கு எனக்கு வயிறு புரளும். அம்மாவின் கடைசி நாட்கள் அப்படி ஒரு வார்டில்தான். சமாதானம் இல்லாவிட்டால் தேவசித்தம் இல்லை என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்?

ஆட்டுத்தோல்:
லோன்காரரை விட்டுவிடுங்கள் சிஸ்டர் :) கிதியோனும் போருக்குப் போகுமுன், தோலில் மட்டும் பனி இறங்கட்டும் என்று ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டான். ஆனால் தோலைப் போடுவதற்கு முன்பே அவனுக்கு "போ" என்ற கட்டளை கிடைத்துவிட்டது (நியாயாதிபதிகள் 6:14). வழி தெரியாமல் அவன் தோல் போடவில்லை, பயத்தில் போட்டான்.

பழைய_குமாஸ்தா:
தங்கச்சி, என் கதையைக் கேள். 27 வயதில் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குக் கிளம்பினேன். ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த அன்று மனதில் சமாதானம் பொங்கியது. சாட்சிகூடச் சொன்னேன். அது மேலதிகாரியிடமிருந்து தப்பித்த நிம்மதி என்று புரிய எட்டு மாதம் ஆயிற்று. மூப்பர் ஒருவர் மட்டும், "தம்பி, சபையில் யாரிடமாவது கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. உன்னிடம் கேட்டதே உன் போதகர்தான்.

பவுலைப் பார். மீசியா வரை வந்து பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், ஆவியானவர் விடவில்லை. துரோவாவில் மக்கெதோனியனின் தரிசனம் வந்தது. நடந்துகொண்டிருந்தவரைத்தான் திருப்பினார். அந்தத் தரிசனத்தை நம்பிப் பிலிப்பிக்குப் போனவருக்கு என்ன கிடைத்தது? வசனத்தை ஏற்றுக்கொண்ட லீதியாளும் கிடைத்தாள், அடியும் சிறையில் காலை மாட்டும் தொழுமரமும் கிடைத்தன. பின்னொரு முறை அதே துரோவாவில் கர்த்தரே கதவைத் திறந்திருக்கிறார், ஆனால் உடன் ஊழியன் தீத்துவைக் காணாமல் பவுலின் ஆவிக்கு அமைதலில்லை (2 கொரிந்தியர் 2:12, 13). திறந்த கதவும் அமைதலில்லாத மனமும் ஒரே மனிதனிடம்!

கேள்வி_மட்டும்:
ஐயா, கொலோசெயர் 3:15ஐ என்ன செய்வது? தேவசமாதானம் இருதயங்களில் ஆளட்டும் என்றிருக்கிறதே.

பழைய_குமாஸ்தா:
முன்னும் பின்னும் வாசியுங்கள் தம்பி. ஒருவரையொருவர் தாங்குங்கள், மன்னியுங்கள், ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள் என்றுதான் போகிறது. சபைக்குள் சண்டை போடாமல் இருப்பதைப் பற்றிய வசனம். வேலையை விடலாமா என்று கேட்க நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரவு_டியூட்டி:
நான் நர்ஸ். அக்கா, முதலில் சும்மா யாருடனாவது துணைக்குப் போய்ப் பாருங்கள். நீளமாக ஜெபிக்க வேண்டாம். நின்றபடி பேசாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள், அதுவே அவர்களுக்குப் பெரிது. வாசனை பழகும் என்று சொல்ல மாட்டேன். எனக்கே சில வார்டுகள் இன்னும் பழகவில்லை.

சண்டேஸ்கூல்_அக்கா:
நேற்றுப் போய் வந்தேன். அட்டை எதுவும் எடுக்கவில்லை. வயிறு புரண்டது, ஒரு தடவை வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் உள்ளே போனேன். ஒரு பாட்டியிடம் ஜெபிக்கட்டுமா என்றேன். "ஜெபம் இருக்கட்டும், இந்தக் கண்ணாடியைத் துடைத்துத் தா" என்றார். துப்பட்டா நுனியால் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "இப்போது ஜெபி" என்றார்.

அடுத்த புதனும் வருகிறேன் என்று ஐயாவிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கடுத்த புதன் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.